என்னோடு பஸ் ஏறிய பல்லி

பல்லியொன்று என்னைப் பின்தொடர்கிறது என்று நான் ஐந்து நாட்கள் நம்பினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சாமித்தட்டில் கிடந்த பஞ்சாங்கத்தை எடுத்து, எந்தத் திசையில் பல்லி சொன்னால் என்ன பலன் என்று விரல் வைத்து வாசிக்கிற அளவுக்கு நம்பினேன். எனக்கு வயது ஐம்பத்து நான்கு. கண்டி டவுனில் ஒரு புடவைக்கடையில் சேலை விரித்துக் காட்டுவது தொழில். "இந்தக் கலர் உங்களுக்குன்னே நெய்ஞ்சது அக்கா" என்று சொல்லி எத்தனையோ பேரை நம்பவைத்தவன். அப்படிப்பட்ட என்னை ஒரு பல்லி நம்பவைத்துவிட்டது.

பல்லிக்கு முன்னால் காதைப் பற்றிச் சொல்லவேண்டும்.

என் காது ஒரே நாளில் போகவில்லை. நல்ல குடித்தனக்காரன் வீட்டைக் காலி செய்வதுபோல, சாமான் சாமானாக, யாருக்கும் தெரியாமல் போனது. முதலில் இரவில் கடிக்கிற நுளம்பின் சத்தம் போனது, நான் சந்தோஷப்பட்டேன். பிறகு பல்லி, பிறகு மழைத்தூறல், பிறகு டெலிபோன். கடைசியில் என் மகளின் குரல். அவளுக்கு மெல்லிய குரல். வகுப்பில் பிள்ளைகளை எப்படி அடக்குகிறாள் என்று நான் யோசித்ததுண்டு. எங்கள் வீடு இருக்கிற குண்டசாலையிலேயே பள்ளிக்கூடமொன்றில் அவள் டீச்சர்.

காது கேட்காதவன் பிழைக்க ஒரே வழி, தானே பேசிக்கொண்டிருப்பது. மற்றவரைப் பேசவிட்டால்தானே கேட்கவேண்டும்? கடையில் நான் விடாமல் பகிடி விட்டுச் சிரிக்கவைத்தேன். வாடிக்கையாளரின் வாயைப் பார்க்காமல் விரலைப் பார்த்தேன். விரல் எந்தச் சேலையைக் காட்டியதோ அதை விரித்தேன். எல்லோரும் என்னைக் கலகலப்பான மனிதர் என்றார்கள். உண்மையில் நான் தண்ணீருக்குள் விழுந்தவன் கையைக் காலை அடிப்பதுபோல அடித்துக்கொண்டிருந்தேன். கரையில் நின்றவர்களுக்கு அது நடனமாகத் தெரிந்தது.

வெளியிடங்களில் மகள்தான் என் காது. வங்கியில், ஆஸ்பத்திரியில், கல்யாண வீடுகளில் என் இடப்பக்கத்தில் உட்காருவாள். எதிரே இருப்பவர் சொல்வதைச் சுருக்கி என் இடது காதுக்குள் போடுவாள். நான் தலையை ஆட்டிப் பதில் சொல்வேன். மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டு மந்திரி மாதிரி இருக்கும் எங்களைப் பார்த்தால்.

அந்த மகள் இரண்டு தடவை சாப்பாட்டு மேசையில் என்னிடம் ஒரு முக்கியமான விஷயம் சொல்லியிருக்கிறாள். முதல் தடவை நான், "அதுக்கென்ன, வாங்கிருவோம்" என்றேனாம். இரண்டாம் தடவை, கடையில் ஒரு அம்மா சேலையை மாற்ற வந்த கதையைச் சொல்லிச் சிரித்தேனாம். மூன்றாம் தடவை அவள் சொல்லவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை என்னை லீவு போடச் சொல்லி, காதுக்கு மெஷின் பொருத்துகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"எதுக்குடா இப்ப அவசரம்?" என்று கேட்டேன்.

"நான் ஒண்ணு சொல்லணும்பா. அது உங்க காதுல விழணும். விழுந்த பொறகு நீங்க மாட்டேன்னாலும் பரவால்ல" என்று என் இடது காதுக்குள் கத்தினாள்.

மூக்குக்கு மேல் கண்ணாடி, மேல் வரிசையில் நாலு கட்டுப்பல், இனிக் காதுக்குப் பின்னால் இரண்டு மெஷின். கடவுள் கொடுத்ததில் மிச்சம் என்ன இருக்கிறது என்று, மெஷின் பொருத்திய யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளையிடம் பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"ஐயா, கொஞ்சம் கேளுங்கோ. முதல்ல எல்லாச் சத்தமும் பெருசாத்தான் வரும். எது தேவை, எது தேவையில்லை எண்டு மூளை மறந்து போச்சு. மெல்ல மெல்லத்தான் பழகும். சத்தம் எந்தப் பக்கத்தால வருகுதெண்டு பிடிக்கிறதும் கஷ்டமா இருக்கும். உங்கட சொந்தச் சத்தங்களும் கேக்கும், சாப்பிடுறது, விழுங்கிறது..."

"நான் சாப்பிடுற சத்தம் கேட்டா பக்கத்து வீட்டுக்காரன் வீட்ட வித்துட்டுப் போயிருவான் தங்கச்சி" என்றேன். அவர் இன்னும் ஏதோ சொன்னார். நான் என் பகிடிக்கு நானே சிரித்துக்கொண்டிருந்ததில் அது காதில் விழவில்லை. மெஷின் போட்டு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வந்தேன். கண்டி என் மேல் விழுந்தது. பஸ்ஸின் ஹோன், லொத்தர்ச் சீட்டு விற்கிறவரின் ஒலிபெருக்கி, காகம், யாரோ இழுத்த இரும்புக் கதவு, எல்லாமே என் மண்டையின் நடுவில் நடந்தன. ஒரு பெண் பொலித்தீன் பையைக் கசக்கினார். தகரக் கூரை சரிகிறதென்று நான் குனிந்துவிட்டேன். என் செருப்புச் சத்தத்தைக் கேட்டு யாரோ பின்னால் வருகிறார்கள் என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் அவளை நான் அப்படித்தான் அதே ரோட்டைக் கடக்க வைத்தேன்.

அன்று பின்னேரம், வீட்டில், பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள். மெல்லிய குரலில்தான் சொன்னாள். ஒரு சொல் விடாமல் கேட்டது.

"அப்பா, ஹுன்னஸ்கிரியவுக்கு அங்கிட்டு ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்கூல்ல ஒருத்தர் படிப்பிக்கிறாரு, கணக்கு வாத்தியார். பயிற்சிக் கலாசாலையில என்கூட இருந்தவரு. எங்க ரெண்டு பேருக்கும் விருப்பம். ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுல இருந்து பேச வர்றாங்க. அதுக்கு முன்ன நீங்க ஒரு பதில் சொல்லிருங்க. கல்யாணம் முடிஞ்சா நானும் அந்தப் பக்கமே மாற்றம் எடுத்துக்கிட்டுப் போயிருவேன்."

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு முன்பே தெரியும் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அப்போதுதான் கேட்டது.

டிச். டிச். டிச்.

எத்தனையோ வருடம் கேட்காத சத்தம். பல்லி! எங்களுக்குப் பல்லி என்றால் வெறும் பல்லி இல்லை. ஒரு பேச்சு நடக்கும்போது பல்லி சொன்னால் அந்தப் பேச்சுக்கு அது சாட்சி. விரல் முட்டியால் பலகையில் மூன்று தட்டுத் தட்டவேண்டும். நான் உட்கார்ந்திருந்த கதிரையின் மரக்கையில் தட்டினேன். ஆனால் சாட்சி நல்லதுக்கா கெட்டதுக்கா என்பது திசையைப் பொறுத்தது. ஒரு திசை என்றால் சுபசெய்தி, இன்னொரு திசை என்றால் உறவு பிரிவு. என் புது மெஷினில் திசையே கிடையாது. அந்தச் சத்தமும் மற்ற எல்லாச் சத்தங்களையும்போல என் மண்டைக்குள்ளிருந்தே வந்தது.

"என்னப்பா?" என்றாள் மகள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

டிச்.

அன்றிரவு தூங்கப்போகும் முன் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். எட்டுத் திசைக்கும் எட்டுப் பலன் இருந்தது. திசை தெரியாதவனுக்கு ஒரு பலனும் இல்லை.

புதன்கிழமை கடைக்குப் போனேன். சேலைக்கடையில் காது மெஷினோடு வேலை செய்வது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு சேலையும் ஒரு பொலித்தீன் உறைக்குள் இருக்கும். உறையை உரிக்கும்போதெல்லாம் காட்டில் தீப்பிடித்தது. பதினோரு மணிக்கு ஒரு தாயும் மகளும் வந்து கூறைச்சேலை கேட்டார்கள்.

"மகளுக்குங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. கல்யாணம் முடிஞ்சு நுவரெலியாவுக்குப் போகப் போறா" என்றார் அந்தத் தாய்.

டிச். டிச்.

கையிலிருந்த சேலையைப் போட்டுவிட்டுக் கவுண்டரில் மூன்று தட்டுத் தட்டினேன். காசுமேசையில் இருந்த நானா, எங்கள் முஸ்லிம் அண்ணன், தலையைத் தூக்கினார். என்னைவிட மூத்தவர், அந்தக் கடையில் நான் சேர்ந்த நாளிலிருந்து அங்கே இருப்பவர்.

"என்னத்தக்கு தட்டுறீங்க? ஆரும் வாராங்களா?"

"பல்லி நானா. கேக்கலயா?"

அவர் நேர்மையான மனிதர். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "இல்லயே. எப்பவும் கேக்குற சத்தந்தான் கேக்குது. புதுசா ஒண்டுமில்ல."

வழக்கமாகக் கேட்கிற சத்தம் என்னவென்று நான் அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு மட்டும் சொல்லுகிற பல்லி என்று முடிவு செய்தேன். கூறைச்சேலை விற்றதா இல்லையா என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை.

வியாழக்கிழமை அது பஸ்ஸிலும் வந்தது. நான் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்லி இதைத் தள்ளிப்போடலாம் என்று யோசித்துக்கொண்டு கடைக்குப் போனேன். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் பார்ப்போம் என்று சொல்லலாம். மனைவிக்கு முட்டிவலி என்று சொல்லலாம். என் காது பழகட்டும் என்று சொல்லலாம். ஒவ்வொரு சாக்குக்கும் ஒரு டிச். இருக்கைக்குக் கீழே பார்த்தேன். என் பைக்குள் பார்த்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த மனிதரின் தொப்பியை உற்றுப்பார்த்தேன். அவர் திரும்பி, சிங்களத்தில், "ஏதாவது தொலைச்சுட்டீங்களா மாத்தயா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல" என்றேன், தமிழில். அவருக்குப் புரியவில்லை. நல்லதுதான்.

பல்லி குண்டசாலையில் ஏறி கண்டியில் இறங்குமா? நியாயமான மனிதன் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பான். நான் நிறுத்தவில்லை. தெய்வக் காரியத்தில் நியாயம் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொன்னேன். டிச்.

வெள்ளிக்கிழமை கடையில் பாதிநாள் லீவு எடுத்துக்கொண்டு வந்து, வீடு கூட்டுகிற தும்புத்தடியைக் கையில் எடுத்தேன். அலுமாரிக்குப் பின்னால், சாமிப்படத்துக்குப் பின்னால், குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில், எல்லா இடத்திலும் தடியை விட்டுக் கிளறினேன். சமையலறை வாசலில் நின்ற மனைவி தேங்காய் துருவுவதை நிறுத்தினாள்.

"என்னங்க பண்றீங்க?"

"ஒட்டற அடிக்கிறேன்."

"கல்யாணம் முடிச்சு இருபத்தெட்டு வருசமா நீங்க தும்புத்தடிய தொட்டதே இல்ல. காது மெஷின் கைக்கும் வேல செய்யிது போல" என்றாள். பிறகு துருவத் தொடங்கினாள். அந்தத் துருவல் சத்தம் என் பின்னங்கழுத்தைத் துருவியது.

பல்லி விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. வீட்டுப் பெண்களைப் பயமுறுத்தக் கூடாது என்று பெரிய மனதோடு மறைத்தேன். அவளும் மகளும் எந்தப் பயமும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பருப்பு ஊறப்போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பயந்தவன் வீட்டிலேயே ஒருவன்தான்.

மனைவி விளக்கு வைத்துவிட்டுப் போனதும் சாமித்தட்டுக்கு முன்னால் நின்று ஒரு பரீட்சை செய்தேன். மெல்ல, "இந்தக் கல்யாணம் சரிவராது" என்றேன். டிச் டிச். சரி, தெய்வம் சொல்லிவிட்டது. ஆனாலும் ஒரு சந்தேகம். "இந்தக் கல்யாணம் சரிவரும்" என்றேன். டிச் டிச் டிச். இது ஒன்று கூடுதல். யார் எதைச் சொன்னாலும் ஆமாம் போடுகிற பல்லி. கண்டியில் எத்தனையோ கூட்டங்களில் அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அவர்களுக்கு மாலை போடுவார்கள்.

எனக்கு அழுகை வந்தது. அதுதான் வெட்கம். அந்தப் பையனில் ஒரு குறையும் எனக்குத் தெரியாது. அவன் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. தோட்டத்துப் பிள்ளை என்று குறை சொல்லலாமென்றால், என் அப்பாவும் கொழுந்துக் கூடை சுமந்த வீட்டிலிருந்துதான் டவுனுக்கு வந்தார். எனக்கு வேண்டியது ஒரே ஒரு 'வேண்டாம்'. அதை நான் சொல்லாமல் ஒரு பல்லி சொல்லவேண்டும்.

சனிக்கிழமை காலை, நான் கடைக்குக் கிளம்பக் காலில் சப்பாத்துப் போடும்போது மகள் எதிரில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கதிரை இழுபட்ட சத்தத்துக்கு என் பற்கள் கூசின.

"நாளைக்கு வர்றாங்கப்பா. என்ன சொல்றீங்க?"

வாயைத் திறந்தேன். டிச். டிச். டிச். டிச். அன்றைக்கு அது நிற்கவே இல்லை. நான் விரலைத் தூக்கினேன்.

"கேளு! சொல்லுது பாத்தியா? அஞ்சு நாளா சொல்லுது. வீட்டுல, கடையில, பஸ்ஸுல. நான் என்னம்மா செய்யிறது?"

"எது சொல்லுது?"

"பல்லி!"

மகள் மனைவியைப் பார்த்தாள். மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையை நான் கடையில் பார்த்திருக்கிறேன். விலைச்சீட்டோடு சேலை கட்டிக்கொண்டு வந்த பெண்ணைப் பார்த்து எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நிற்பவர்களின் பார்வை.

"அப்பா, வாயக் கொஞ்சம் தொறந்து வச்சிருங்க. நாக்க அசைக்காதீங்க" என்றாள் மகள்.

திறந்து வைத்தேன். சத்தமில்லை. தூரத்தில் பாண் விற்கிற த்ரீவீலின் பாட்டு மட்டும் கேட்டது.

"இப்ப மூடுங்க."

மூடினேன். நாக்கு தன்பாட்டுக்கு மேலே போய் கட்டுப்பல்லின் தகட்டைத் தூக்கியது. விட்டது. டிச்.

மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பல்லு கட்டின நாள்ல இருந்து இப்பிடித்தாங்க. ஆறு வருசம் இருக்கும். உங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன்."

"எனக்கு எப்பிடித் தெரியும்? எனக்குத்தான் காது கேக்காதே!"

"எப்பவும் பண்ண மாட்டீங்கப்பா" என்றாள் மகள். "பயந்தா மட்டுந்தான். அம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணின அன்னைக்கு வார்ட் வாசல்ல உக்காந்து பகிடி விட்டுக்கிட்டே இருந்தீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. டிச்சு டிச்சுன்னு கேட்டுக்கிட்டே இருந்திச்சு. நானும் அம்மாவும் உங்க பகிடியக் கேக்குறதே இல்லப்பா. அதத்தான் கேப்போம்."

ஆறு வருடம். கடையில், கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரியில். நான் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக மறைத்திருந்தேன்! நானாவுக்குக்கூடத் தெரியும். அவருக்கு அது பழகிய சத்தம், அவ்வளவுதான். ஊர் முழுக்கக் கேட்டதை நான் ஒருவன்தான் கேட்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை நான் சொன்ன ஒடனே தொடங்குச்சு" என்றாள். "இன்னும் நிக்கல. என்னப்பா பயம்?"

ஒரு பகிடி தேடினேன். கையில் எதுவும் அகப்படவில்லை. "நீ போயிட்டா எனக்கு யாரு எடுத்துச் சொல்லுவா?" என்றேன்.

அவள் எட்டி என் காதுக்குப் பின்னால் இருந்த மெஷினை விரலால் தொட்டாள். தொட்டது இடி இடித்தமாதிரி கேட்டது. "அதுக்குத்தானே இது" என்றாள்.

நான் கட்டுப்பல்லைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். சத்தம் நின்றது. நெஞ்சு படபடப்பது நிற்கவில்லை. பல்லில்லாத வாயால், "சரி, வரச்சொல்லு" என்றேன்.

"பல்ல மாட்டிக்கிட்டுச் சொல்லுங்க" என்றாள்.

மாட்டினேன். "சரி, வரச்சொல்லு." டிச்.

"பயம்தான்" என்றாள் மனைவி.

"எனக்குந்தாம்மா" என்றாள் மகள். அதுவும் தெளிவாகக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு அவர்கள் ஐந்து பேர் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பையனின் தாய் பேசிய ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். மகள் என் இடப்பக்கத்தில் உட்காரவில்லை; எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வடை தின்றோம். வடை தின்கிற சத்தம் அவ்வளவு பெரியதென்று எனக்குத் தெரியாது. நான் இரண்டு பகிடி விட்டேன். இரண்டுக்கும் நடுவில் டிச் கேட்டது. வந்தவர்கள் கவனித்தார்களா என்று தெரியாது.

எங்கள் வீட்டில் பல்லி உண்டா இல்லையா என்று இதுவரை நான் கண்டுபிடிக்கவில்லை. ஐந்து நாளும் சத்தம் போட்டது என் கட்டுப்பல். மகள் தை மாதம் கல்யாணம் முடித்து ஹுன்னஸ்கிரியவுக்குப் போனாள்.